பத்து சென்ட்

நண்பர் மகளுக்கு ஃபிளாட் பார்க்கப் போனோம். "புலியகுளத்துல ஒண்ணு ரீசேலுக்கு வந்திருக்குங்க மாமா. நீங்க அந்தப் பக்கம் பொறந்து வளர்ந்தவருதானே, கூட வந்து ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். ராமநாதபுரம் மேம்பாலத்துக்குக் கீழே திரும்பி, பங்கஜா மில் ரோட்டைப் பிடித்து, ஒரு சந்து, அதற்குள் இன்னொரு சந்து. கார் நின்றதும் எனக்குப் பேச்சு வரவில்லை. கட்டடம் முன்பின் பார்த்திராத புதுக் கட்டடம்தான். ஆனால் வாசலுக்கு எதிரே இருந்த ஈ.பி. கம்பமும், அதன் காலடியைச் சுற்றி வளைந்து போகும் சலதாரையும் எனக்கு மனப்பாடம். நான் பிறந்து இருபத்தாறு வருஷம் குடியிருந்த லைன் வீடு நின்ற இடம் அது.

புரோக்கர் பையன் கீழே கார் நிறுத்தும் ஸ்டில்ட்டில் நின்று ஒப்பித்துக்கொண்டிருந்தான். "பத்து சென்ட் பிராப்பர்ட்டிங்க. ஸ்டில்ட் ப்ளஸ் ஃபோர். மொத்தமே எட்டு வீடு. பிரிபடாத பங்கு ஒண்ணேகால் சென்ட் வருதுங்க மேடம். ஒரு தொந்தரவும் கிடையாது, ஆள் நடமாட்டமே தெரியாது."

அந்தப் பெண் மாடிக்குப் போய்விட்டாள். எனக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிட்டுக் கீழேயே நின்றேன். பொய்தான். கேட்டிலிருந்து அடி வைத்து எண்ண ஆரம்பித்தேன். எங்கள் லைனில் ஒரு வீட்டின் அகலம் பத்தடி. கேட்டுக்கு வலது கைப்பக்கம் முதல் வீடு, இரண்டாவது, மூன்றாவது என்று ஆறு வீடு. எதிர்வரிசையில் ஐந்து. ஏழாம் நம்பர் எங்களுடையது, எதிர்வரிசையில் முதல் வீடு. கணக்குப்படி நான் போய் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக் கார் உறை போட்டு நின்றது. தரையில் மஞ்சள் பெயின்ட்டில் கட்டம் போட்டு, வீட்டு எண் எழுதியிருந்தார்கள். கட்டத்தையும் அளந்தேன். எட்டடிக்குப் பதினாறடிக்குச் சற்று மேல். எங்கள் வீடு பத்தடிக்குப் பதினெட்டு. எங்கள் வீட்டில் முக்கால் பங்கு ஒரு கார் நிற்கும் இடம். அந்த முக்கால் பங்கில் நாங்கள் ஐந்து பேர் படுத்தோம். மீதிக் கால் பங்கில் அம்மா சமைத்தாள்.

லைன் வீடு என்றால் வெளியூர்க்காரர்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அரசாங்கமோ மில்லோ கட்டிக்கொடுத்ததல்ல. ஊர்க்காரர்கள் தங்கள் காட்டிலும் மனையிலும் கட்டி வாடகைக்கு விட்டது. கோயமுத்தூருக்கு 1888இல் ஸ்டேன்ஸ் துரை முதல் மில்லைக் கொண்டுவந்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் ஊரை மாற்றியது 1930களில் வந்த பைக்காரா மின்சாரம். கம்பி வந்ததும் அவிநாசி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் மில் மேல் மில்லாக முளைத்தது. மானாவாரிப் பூமியை நம்பிச் சலித்துப்போன பல்லடம், பொள்ளாச்சி, அவிநாசிப் பக்கத்து ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களுக்குப் படுக்க இடம் வேண்டும். புலியகுளம், பீளமேடு, உப்பிலிபாளையம் என்று அப்போது ஊரின் ஓரத்தில் இருந்த கிராமங்களில் கொஞ்சம் கையில் காசிருந்தவர்கள் வரிசையாக ஓட்டுவீடு கட்டினார்கள். ஒரே சுவர், ஒரே முகடு, நடுவில் தடுப்பு. பத்து சென்ட்டில் பதினோரு கதவு. எந்த அதிகாரியும் படம் போட்டுக் கொடுக்கவில்லை. மில் ஆட்களில் பலருக்குத் தங்குமிடம் கொடுத்தது இந்த லைன்கள்தான்.

எங்கள் லைனைக் கட்டியவர் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். நான் நினைவு தெரிந்து பார்த்தது அவருடைய மனைவியை. எல்லோருக்கும் அவர் "வீட்டுக்காரம்மா". ஏழாம் தேதி மில்லில் சம்பளம். எட்டாம் தேதி காலையில் வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். 1978 வாக்கில் எங்கள் வாடகை முப்பத்தைந்து ரூபாய். கொடுக்க முடியாதவர்கள் அன்றைக்குப் பார்த்துப் பொடக்காலிப் பக்கம் வெகுநேரம் குளிப்பார்கள். வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். "தண்ணி தீந்துரப் போவுது, வெளிய வாங்கொ" என்பார்.

அந்த வருஷம் லைனில் எத்தனை பேர் இருந்தோம் என்று தங்கையும் நானும் போன பொங்கலுக்கு உட்கார்ந்து வீடு வீடாக எண்ணினோம். ஒன்றாம் நம்பரில் ஏழு பேர். இரண்டில் நாலு. ஒன்பதாம் நம்பரில் கல்யாணமாகாத பதிலிப் பையன்கள் மூன்று பேர்; நிரந்தர ஆள் லீவு போட்டால் மட்டும் இவர்களுக்கு வேலை. பத்தில் ஒரு பாட்டியும் பேத்தியும். கூட்டிப் பார்த்தால் 53 வந்தது. ஒரு பையன் விட்டுப்போய்விட்டான் என்று தங்கை அடித்துச் சொல்கிறாள். அவனை நான் விருந்துக்கு வந்த ஒறம்பரைப் பையன் என்று கழித்துவிட்டேன். இருக்கட்டும், 53.

எப்படி 53 பேர் அந்த இடத்தில் பிழைத்தார்கள் என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். அன்பாக இருந்தோம், விட்டுக்கொடுத்துப் போனோம் என்றெல்லாம் அந்தக் காலத்து ஆட்கள் பதில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எங்கள் லைனில் தண்ணிச் சண்டை நடக்காத வாரம் கிடையாது. நாங்கள் பிழைத்ததற்குக் காரணம் ஷிப்ட்டு. மில் மூன்று ஷிப்ட்டு ஓடியது. எந்த நேரத்தில் எண்ணினாலும் லைனில் இருக்கும் ஆண்களில் மூன்றில் ஒரு பங்கு மில்லில் இருப்பார்கள். ரீலிங்கில் வேலை பார்த்த பெண்கள் நாலு பேர், அவர்களும் பகலில் இருக்கமாட்டார்கள். நாலாம் நம்பரில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே கயிற்றுக் கட்டில். அண்ணன் ரிங் பிரேமில் சைடர், பகல் ஷிப்ட்டு. தம்பி நைட் ஷிப்ட்டு. கட்டில் ஆறவே ஆறாது. இடத்தை நேரத்தால் பங்கு போட்டுக்கொண்டோம், அவ்வளவுதான் ரகசியம்.

இதற்கு ஒரு சட்டமும் இருந்தது. நைட் ஷிப்ட்டு போய் வந்தவர் தூங்கும்போது சத்தம் கூடாது. பதினோரு வீட்டில் வாரத்துக்கு யாராவது மூன்று பேருக்கு நைட் ஷிப்ட்டு இருக்கும். ஆகவே காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் இரண்டு வரை லைன் முழுக்கக் கிசுகிசுப்புதான். அம்மி அரைப்பது அதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். ரேடியோவில் காது வைத்துத்தான் பாட்டுக் கேட்க வேண்டும். பள்ளிக்கூட லீவு நாட்களில் எங்களுக்கு அது சிறைவாசம். சிமெண்டு வாசலில் கோலி அடித்தால் டக் டக் என்று சத்தம் வரும் என்பதற்காகச் சாக்கை நனைத்து விரித்து அதன்மேல் கோலி ஆடினோம். ஈரச் சாக்கில் கோலி உருளாது. இரண்டு விரற்கடை போய் நின்றுவிடும். அந்த ஆட்டத்துக்கென்றே தனி விதிகள் உண்டாக்கினோம். ஐஸ்காரர் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு சந்துக்குள் திரும்பும்போதே ஒருவன் ஓடிப்போய் மணியின் நாக்கைப் பிடித்துக்கொள்வான். பிடித்தபடியே கூடவே நடந்து அவரை வாசலுக்குக் கூட்டி வருவோம். அவரும் பழகிவிட்டார். எங்கள் வாசலுக்கு வந்தால் அவரே குரலைத் தாழ்த்தி, "சேமியாவா, பால் ஐஸா?" என்று கேட்பார், ஏதோ திருட்டுச் சாமான் விற்கிறவர்போல.

தண்ணீருக்கு வருகிறேன். குடிக்கச் சிறுவாணி, புழங்க உப்புத் தண்ணி. சிறுவாணி உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று கோவைக்காரர்கள் விடாமல் சொல்வார்கள். முதலாவது எது, அளந்தது யார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். எங்களுக்கு வாசலில் ஒரே குழாய். வரிசையில் ஆள் நிற்கத் தேவையில்லை, குடம் நின்றால் போதும். குடம் இல்லாவிட்டால் போசி. அதுவும் இல்லாவிட்டால் ஒரு செங்கல். எட்டாம் நம்பர் அக்காவின் செங்கலை யாரும் தள்ள மாட்டார்கள். அதில் சுண்ணாம்பால் எட்டு போட்டிருந்தது. ஒரு முறை என் அம்மா அந்தச் செங்கலைக் காலால் ஓரம் கட்டிவிட்டுக் குடத்தை வைத்தாள். இரண்டு பேரும் பதினேழு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த வீடு, முன்னால் இருந்தது ஒரே பன்னிரண்டடி வாசல்.

இந்த வாசலைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். எங்கள் லைனில் ஒவ்வொருவருக்கும் வீடு என்று இருந்தது 180 சதுர அடி. ஆனால் வாழ்ந்தது வாசலில். துணி காய்ந்தது, வத்தல் காய்ந்தது, பிள்ளைகள் குளித்தன, கிழவர்கள் இருமினார்கள். கல்யாணமென்றால் வாசலை அடைத்துப் பந்தல். பதினோரு வீட்டு அடுப்பிலும் ஆளுக்கொரு பாத்திரம் ஏறும். எங்கள் அக்காவுக்குச் சீர் வைத்தபோது சந்தகை பிழிந்தது மூன்றாம் நம்பரில், ஒப்புட்டு தட்டியது ஆறாம் நம்பரில். பிரிபடாத பங்கு ஒண்ணேகால் சென்ட் என்று புரோக்கர் பையன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்குப் பத்து சென்ட்டும் பிரிபடாத பங்குதான். பத்திரம்தான் இல்லை.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் சொர்க்கத்தை இடித்துவிட்டார்கள் என்று முடிப்பேன் என்று நினைப்பீர்கள். சொர்க்கத்தில் 53 பேருக்கு இரண்டு கக்கூஸ் இருக்காது. பெண்கள் விடிகாலை நாலு மணிக்கே எழுந்தது பக்தியால் அல்ல. மாதத்தின் மூன்று நாளில் அவர்கள் பட்டபாட்டை என் அம்மா சொல்லாமலேயே போய்விட்டாள். தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓட்டு இடுக்கில் தேள். சுவரில் மூட்டைப்பூச்சி. ப்ளோ ரூமில் வேலை பார்த்த ஐந்தாம் நம்பர் பெரியவர் பஞ்சுத் தூசியை நாற்பது வருஷம் உள்ளே இழுத்துவிட்டு, கடைசி நாலு வருஷம் அதை வெளியே இரும முயன்றார். தடுப்புச் சுவர் முகடு வரை போகாது என்பதால் அந்த இருமல் பதினோரு வீட்டுக்கும் பொது. புதுமணத் தம்பதிகள் குசுகுசுவென்றுகூடப் பேச முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் இது யோக்கியமான எழுத்தாக இருக்காது. வீடு கேட்டு யார் வந்தாலும் வீட்டுக்காரம்மா முதலில் கேட்பது "எந்த மில்லுங்கொ?" இரண்டாவது "எந்த ஊருங்கொ?" மூன்றாவது, குரலைச் சற்று இறக்கி, "நீங்க என்ன ஆளுங்கொ?" மூன்றாவது கேள்விக்குப் பதில் சரியில்லையென்றால் வீடு "நேத்துத்தானுங்க பேசி முடிச்சோம்" என்றாகிவிடும். அதே மில்லில் அதே சம்பளம் வாங்கியும் லைனுக்குள் வர முடியாதவர்கள் குளத்து ஓரங்களில் குடிசை போட்டார்கள். உக்கடம், வாலாங்குளம், முத்தண்ணன் குளக்கரை. எங்கள் வாசலின் ஒற்றுமையைப் பேசும்போதெல்லாம் அந்த வாசலுக்கு ஒரு கேட் இருந்தது எனக்கு ஞாபகம் வரும்.

லைன் எப்போது நெருக்கமானது என்று யாராவது கேட்டால் நான் காலத்தைச் சொல்வேன்: எண்பதுகளின் கடைசி. ஆள் கூடவில்லை. மில் நின்றது. நலிந்த மில்களை 1974இல் அரசு எடுத்துக்கொண்டதெல்லாம் ஏற்கெனவே நடந்திருந்தது. தனியார் மில்கள் அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஷிப்ட்டைக் குறைத்தன. முதலில் நைட் ஷிப்ட்டு போனது. பிறகு செகண்ட் ஷிப்ட்டு. பிறகு ஒரு காலை, அப்பா வேலை பார்த்த மில்லின் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒரே சமயத்தில் எல்லா ஆண்களும் வீட்டில். அதே 53 பேர், அதே பத்து சென்ட். அன்றைக்குத்தான் முதன்முதலாக இடம் பத்தாமல் போனது. நாலாம் நம்பரின் ஒற்றைக் கட்டிலுக்கு இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள், ராத்திரியில். இரண்டே மாதத்தில் தம்பி தனிக்குடித்தனம் போனான். அப்பா வாசலில் உட்கார்ந்துகொண்டே இருந்தார். யாரும் தூங்காத அந்தப் பகல்களில் நாங்கள் எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம் என்றிருந்தது. பழக்கதோஷத்தில் மெதுவாகவே பேசினோம்.

நாங்கள் 1992இல் காலி செய்தோம். எனக்கு வேலை கிடைத்து ஒண்டிப்புதூர் பக்கம் ஒரு போர்ஷன் பிடித்தேன். எங்களுக்குப் பிறகு ஏழாம் நம்பருக்கு கிரைண்டர் கம்பெனி ஆள் வந்தார். அவருக்குப் பிறகு லேத் பட்டறைப் பையன்கள். கடைசியாகப் பீகாரிலிருந்து வந்த ஆறு பேர். மில் போனாலும் ஊர் வேறு வேலைகளைத் தேடிக்கொண்டது: பம்பு, கிரைண்டர், காஸ்டிங், பிறகு சரவணம்பட்டி, விளாங்குறிச்சிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள். லைனுக்கு ஆள் குறையவே இல்லை. லைனைக் கொன்றது வாடகைக்கு ஆள் இல்லாமை அல்ல, மனையின் விலை.

விலை என்ன செய்யும் என்பதை ஒரு கணக்காகச் சொல்லலாம். பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. ஒரு மனையில் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதற்கு தளப்பரப்புக் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், எஃப்.எஸ்.ஐ. என்றால் கொத்தனாருக்கும் தெரியும். நெடுங்காலம் சாதாரணக் கட்டடத்துக்கு அது ஒன்றரையாக இருந்தது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதை இரண்டாக்கின. ஆக, 8,712 சதுர அடி வரை கட்டலாம். வரிசை ஓட்டுவீடு எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் சதுர அடிதான். அதாவது வீட்டுக்காரம்மாவின் மனைக்கு மேலே ஆறாயிரத்து எழுநூறு சதுர அடி காற்று சும்மா கிடந்தது. அந்தக் காற்றுக்கு விலை பேச ஆள் வந்துவிட்டார்கள்.

வீட்டுக்காரம்மாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். பையன்கள் இரண்டு பேர், பெண் ஒருத்தி. ஒரு புரமோட்டர் ஜாயிண்ட் வென்ச்சருக்கு வந்தார்: மனை இவர்களுடையது, செலவு அவருடையது, எட்டு வீட்டில் பாதிக்குப் பாதி. காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரம்மாவே நேரில் வந்தாராம். அப்போதும் இரண்டாம் நம்பரிலேயே இருந்த அக்கா எனக்குச் சொன்னது இது. திண்ணையில் உட்கார்ந்து, பையன் வாங்கிக்கொடுத்த டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு, "நா என்ன கண்ணு பண்ட்டும்? பசங்க கேக்கறாங்க. எனக்குக் கண்ணு மூடறவரைக்கும் இப்பிடியே இருக்கட்டும்னுதான் இருந்தேன்" என்றாராம். அக்கா, "அதுக்கென்னங்கம்மா, உங்க வீடு, நீங்க சொன்னா போயிருவோமுங்க" என்றாளாம். சொல்லிவிட்டு உள்ளே போய் அட்டாலியில் இருந்த பாத்திரங்களை இறக்க ஆரம்பித்தாள். நாற்பத்தொரு வருஷக் குடித்தனம். பேச்சுவார்த்தை இவ்வளவுதான்.

ஒருவர்கூடக் கோர்ட்டுக்குப் போகவில்லை. போக என்ன இருக்கிறது? வாடகைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்று 2017இல் போட்ட சட்டம் சொல்கிறது. லைனில் எழுத்து என்பது வீட்டுக்காரம்மாவின் நாற்பது பக்க நோட்டில் மாதாமாதம் விழும் ஒரு டிக். அடுக்ககத்து ஆட்களுக்கென்று 2022இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்ட உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும். நல்ல சட்டம். சிங்காநல்லூர் ஹவுசிங் யூனிட்டில் 960 வீடுகள் விரிசல் விட்டுப்போய், இடித்துக் கட்டுவதா, எப்படி, யார் மூலம் என்று வருஷக்கணக்கில் கூட்டம் போட்டார்கள் என்றால், அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உரிமையாளர், அவருக்கு ஒரு குரல். எங்கள் லைனில் பதினோரு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து. அதுவும் அவர்களில் ஒருவருடையது அல்ல.

போனவர்கள் எங்கே போனார்கள்? இரண்டாம் நம்பர் அக்கா இருகூருக்கு. இன்னொருவர் வெள்ளலூருக்கு. மற்றவர்கள் திசைக்கொருவராக, எல்லோரும் வெளிப்பக்கமாக. குளக்கரைக்காரர்களுக்கும் அதுதான் நடந்தது, அவர்களை அனுப்பியது அரசாங்கம் என்பது மட்டும் வித்தியாசம். 2016இல் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலிலேயே கோவை இடம்பிடித்தது. குளக்கரைகளில் நடைபாதையும் விளக்கும் வந்தன. அங்கே இருந்தவர்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி அடுக்கு வீடுகளுக்குப் போனார்கள். லைனுக்குள் சேர்க்கப்படாதவர்களையும் லைனில் இருந்தவர்களையும் ஊர் கடைசியில் ஒன்றாக்கியது, பஸ் ஸ்டாப்பில்.

கல்யாண வீடுகளில் என் வயதுக்காரர்கள் கூடினால் ஒரே புலம்பல்: "எங்க பார்த்தாலும் அபார்ட்மெண்ட்டுங்க. ஊரு நெரிசல் தாங்குல." எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. கட்டடம் நெருங்கியிருக்கிறது, வண்டி நெருங்கியிருக்கிறது. மனிதர்கள் நெருங்கினார்களா? ஃபிளாட் பார்க்கப் போன அன்றைக்கு வாட்ச்மேனிடம் விசாரித்தேன். எட்டு வீட்டில் இரண்டு பூட்டிக் கிடக்கிறது. ஒரு வீட்டுக்காரர் பெங்களூரில், இன்னொருவர் ஆஸ்திரேலியாவில். மீதி ஆறு வீட்டில் 19 பேர். கார் மட்டும் ஒன்பது. பத்து சென்ட்டில் 53 பேர் இருந்த இடத்தில் நாலு மாடி ஏற்றி, லிஃப்ட் வைத்து, 19 பேரைக் குடிவைத்திருக்கிறோம். இதற்குப் பெயர் அடர்த்தியா?

நான் அடுக்குமாடிக்கு எதிரி அல்ல. நானே ஒரு மூன்றாவது மாடியில்தான் இருக்கிறேன். இதற்குக் கீழே யார் லைன் இருந்தது என்று வாங்கும்போது நான் கேட்கவில்லை. ஆளுக்கொரு கக்கூஸ் கிடைத்ததை எந்த நினைவுக்காகவும் திருப்பிக் கொடுக்கமாட்டேன். என் கோபம் வேறு. அதே 8,712 சதுர அடியில் நானூறு நானூற்றைம்பது அடியில் தனித்தனிக் கக்கூஸ், தனித்தனிக் குழாயோடு பதினைந்துக்குக் குறையாத குடும்பம் இருக்கலாம். லைனில் இருந்த பதினோரு குடும்பமும் இருந்திருக்கலாம், வாடகைக்கே. யாரும் கட்டமாட்டார்கள், ஏனென்றால் நானூறு அடி வீட்டுக்கும் கார் நிற்கும் இடத்துக்கும் உள்ள போட்டியில் எப்போதும் கார்தான் ஜெயிக்கிறது. அப்பா மில்லுக்கு ஏழு நிமிஷம் நடந்தார். இரண்டாம் நம்பர் அக்காவின் மகன் இருகூரிலிருந்து தினமும் காந்திபுரம் வரை பைக்கில் வருகிறான். 2011இல் மாநகராட்சி எல்லையை 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257க்கு நீட்டினார்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டருக்கு மேம்பாலம் போட்டார்கள். நடந்து வேலைக்குப் போனவர்களை எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வருவதற்குப் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறோம். பழைய கட்டடத்தை இடிக்க அனுமதி கொடுக்கிற அதிகாரி யாராவது இதைப் படித்தால் ஒரு கேள்வி கேளுங்கள் போதும்: இப்போது இங்கே எத்தனை குடித்தனம், அவர்கள் எங்கே போகிறார்கள்?

பஸ் ஸ்டாப்புகளின் பெயர் மட்டும் மாறவில்லை. கண்டக்டர் இன்னும் "லட்சுமி மில்ஸ் இறங்கு" என்றுதான் கூவுகிறார். இறங்குகிறவர்கள் காபி குடிக்கவும் பர்கர் தின்னவும் போகிறார்கள். பங்கஜா மில் ரோடு பங்கஜா மில் ரோடாகவே இருக்கிறது. 2020 ஊரடங்கோடு, அரசு எடுத்து நடத்திய என்.டி.சி. மில்களும் நின்றுபோயின. மில் சங்கு ஊதாத ஊரில் எனக்கு இன்னும் அதன் நேரத்துக்கே பசிக்கிறது.

மாடியிலிருந்து அந்தப் பெண் இறங்கி வந்தாள். "வீடு நல்லாத்தான் இருக்குங்க மாமா. ஆனா விலை கொஞ்சம் எச்சா சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். நான் மாடிப்படிக்கு அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லைனின் கடைசி வீடு, பதினோராம் நம்பர் இருந்த மூலை அது. படிக்கட்டுச் சரிவுக்குக் கீழே தகரக் கதவு போட்டு ஓர் அறை. எட்டடிக்குப் பத்தடி இருக்கும். கதவுக்கு வெளியே கேஸ் அடுப்பு, கொடியில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் இரண்டு, சின்னதும் பெரியதும். வாட்ச்மேனின் மனைவி குழாயடியில் பிளாஸ்டிக் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் உசிலம்பட்டிப் பக்கம்.

"உள்ள யாரும்மா, தூங்கறாங்களா?" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"அவுக தம்பிங்கய்யா. ராத்திரிக்கு வேற எடத்துல காவலு. இப்பத்தான் வந்து படுத்தாப்ல."

புரோக்கர் கொடுத்த தாளில் மொத்தம் எட்டு வீடு, அதில் ஆறில் குடியிருப்பு. அந்த அறையில் ஐந்து பேர்.